மூடுபனிக்கு மேலே ஒரு திராட்சைத் தோட்டம்: சோனோமா கடலோரத்தில் மூன்று நாள்

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு

செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு இரவு தங்குகிற மாதிரி ஒரு சின்னப் பயணம். நான், கணவர், என் அக்கா. மூன்று பேரும் கலிஃபோர்னியாவில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறோம், சான் ஹோசேயில் இருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இவ்வளவு திராட்சைத் தோட்டம் இருந்தும் இதுவரை நிதானமாகப் பார்த்ததில்லை.

ஒயின் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது நாப்பாதான். எனக்குக் கடலும் வேண்டும், கொடியும் வேண்டும். நாப்பா பள்ளத்தாக்கில் நின்றால் கடல் கண்ணில் படாது. பக்கத்துச் சோனோமா கவுன்ட்டி அப்படியில்லை. அதன் மேற்கு ஓரம் நேராகப் பசிஃபிக்கில் போய் விழுகிறது. காலையில் அலை பார்த்துவிட்டு, மதியம் கொடிகளுக்கு நடுவே நிற்கலாம்.

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மேசையில் வரைபடத்தை விரித்தோம். என் முதல் பட்டியலில் ஏழு ஒயினரிகள் இருந்தன, ஒயின் செய்து வருபவர்களுக்கு ருசி பார்க்க ஊற்றிக் கொடுக்கும் இடங்கள். அக்கா பட்டியலைக் கையில் வாங்கினாள்.

"ஒரு எடத்துல எத்தனை வகை ஊத்துவாங்க?"

"நாலு, அஞ்சு."

"ஒவ்வொண்ணும் எவ்வளவு?"

"முப்பது மில்லி இருக்கும்."

"அப்போ அஞ்சு ஊத்துனா நூத்தம்பது. ஒரு முழு கிளாஸ். மூணு எடம் போனா மூணு கிளாஸ். அந்த மலை ரோட்டுல யாரு ஓட்டுறது?"

அக்கா குடிப்பதில்லை. வண்டியை அவளே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டாள். ஆனாலும் அவள் கேட்டது சரியான கேள்வி. இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தாலே குற்றம். திறந்த பாட்டிலை வண்டிக்குள் வைத்திருப்பதும் குற்றம், மிச்சம் இருந்தால் டிக்கியில்தான் போக வேண்டும். கூட வருபவர்களில் குடிக்காதவர் யாரும் இல்லையென்றால், முதல் ஒயினரிக்குப் பேசுவதற்கு முன்னால் வாடகை டிரைவருக்குப் பேசுங்கள்.

ஏழு மூன்றானது. சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரம். அதற்குமேல் போனால் நாக்கு களைத்துவிடும், எதைக் குடித்தோம் என்பதே மறந்துபோகும்.

அடுத்தது, எந்த மூன்று? இதற்கு எனக்குக் கைகொடுத்தது பாட்டில் லேபிளில் இருக்கும் ஊர்ப்பெயர். ஏவிஏ என்பார்கள், அரசு எல்லை வகுத்துக் கொடுத்த திராட்சைப் பகுதி. அந்தப் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் 85 சதவீதமாவது அந்தப் பகுதித் திராட்சையாக இருக்க வேண்டும். 'சோனோமா கோஸ்ட்' என்ற பெயர் 1987-இல் வந்தது. ஆனால் அந்த எல்லை மிகப் பெரிது, கடலைப் பார்க்காத தோட்டங்களும் உள்ளே வந்துவிட்டன. கடலை ஒட்டிக் கொடி வளர்ப்பவர்கள் தனிப் பெயர் கேட்டுப் போராடி, 2012-இல் 'ஃபோர்ட் ராஸ்-சீவ்யூ', 2022-இல் 'வெஸ்ட் சோனோமா கோஸ்ட்' என்று வாங்கினார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி 'ரஷ்யன் ரிவர் வேலி', அது 1983 முதல். சனிக்கு இரண்டு ரஷ்யன் ரிவரில், ஞாயிறுக்கு ஒன்று ஃபோர்ட் ராஸ் மேட்டில் என்று முடிவு செய்தோம்.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சின்னத் தோட்டங்கள் நேரம் கேட்டு வருபவர்களை மட்டுமே உள்ளே விடுகின்றன. கட்டணம் ஆளுக்கு 30 டாலரில் தொடங்கி 50-ஐயும் தாண்டுகிறது. பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழிக்கும் இடங்கள் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் நாள் மாற்றப் போய் எங்கள் முன்பணம் போனது. கடைசி இரண்டு நாளுக்குள் மாற்றினால் திருப்பித் தருவதில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்களாம்.

தங்குவதற்குக் கடலோர ஊரான போடேகா பே. ஹீல்ட்ஸ்பர்க் ஊர் அழகுதான், கடைவீதியும் சாப்பாட்டு இடங்களும் நிறைய. ஆனால் காலையில் எழுந்ததும் மூடுபனி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் எனக்கு. அதற்குக் கடல் பக்கம்தான் படுக்க வேண்டும்.

முதல் நாள், வெள்ளி

கோல்டன் கேட் பாலத்தை வடக்கு நோக்கிக் கடந்தால் சுங்கம் இல்லை, திரும்பி வரும்போதுதான். 101 நெடுஞ்சாலையில் பெட்டலுமா தாண்டும்வரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கேதான் வண்டித் திரையில் வெப்பநிலை இறங்க ஆரம்பித்தது. சாலையோர மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதைக் கணவர் காட்டினார்.

இந்த இடத்துக்குப் பெட்டலுமா கேப் என்று பெயர். கடலோர மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்க, இங்கே ஒரு திறப்பு. நம் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்ந்து சூடான காற்று மேலே எழும்ப, அந்த வெற்றிடத்துக்குக் கடல் காற்று இந்தத் திறப்பு வழியாக ஓடி வருகிறது. இதுவும் தனி ஏவிஏதான், 2017-இல் கிடைத்தது. மண்ணுக்காகவோ மலைக்காகவோ இல்லாமல், முக்கியமாகக் காற்றுக்காக எல்லை போட்ட பகுதி என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

செபாஸ்டபோலில் இறங்கினோம். ஊருக்குள் வரும் சாலைக்கே ஒரு ஆப்பிளின் பெயர், கிராவன்ஸ்டீன் ஹைவே. ஒரு காலத்தில் இந்தச் சரிவெல்லாம் ஆப்பிள். கிராவன்ஸ்டீன் ஆகஸ்டிலேயே முடிந்துவிடும், தோல் மெல்லியது, வெகுதூரம் அனுப்பத் தாங்காது. ஒயின் திராட்சைக்கு விலை ஏற ஏற, ஆப்பிள் மரங்களை எடுத்துவிட்டுக் கொடி வைத்தார்கள். மிச்சமிருக்கும் பழைய மரங்களை நாங்கள் சாலையிலிருந்தே பார்த்தோம். தண்டில் பாசி, கீழே புல், பக்கத்திலேயே கோடு போட்ட மாதிரி கொடி வரிசை. கொடியைப் பார்க்க வந்த எனக்கும் அந்த மரங்களைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தாவரங்களைக் கலந்து புதுப்புது ரகங்களை உருவாக்கிய லூதர் பர்பேங்கின் சோதனைப் பண்ணை, கோல்ட் ரிட்ஜ், இந்த ஊரில்தான் இருக்கிறது. அதே பெயரை ஒட்டித்தான் இங்குள்ள மண்ணையும் கோல்ட்ரிட்ஜ் என்கிறார்கள். அக்கா குனிந்து ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்தாள். மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த மணல். தண்ணீர் தேங்காது, கொடி ஆழமாக வேர்விட்டுத் தேட வேண்டியிருக்கும். "நம்ம தோட்டத்து மண்ணு இப்படி நிக்காது" என்றாள். எங்கள் அப்பா கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டவர். பந்தலுக்கு அடியில் வளர்ந்தவள் அவள், நான் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வெளியூர் வந்துவிட்டேன்.

மாலை போடேகா ஹெட். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. ஜனவரியிலிருந்து மே வரை சாம்பல் திமிங்கிலங்கள் போவதை இங்கிருந்தே பார்க்கலாம், இப்போது இல்லை. பூகம்பங்களுக்குக் காரணமான சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு இந்தத் துறைமுகத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. நாங்கள் நின்ற முனை பசிஃபிக் நிலத்தட்டில், ராத்திரி படுக்கும் ஊர் பிளவுக்கு அந்தப் பக்கம். இந்த முனையில் அணுமின் நிலையம் கட்டுவதற்காகப் பெரிய குழியே தோண்டினார்கள். உள்ளூர் மக்கள் எதிர்த்துப் போராட, 1964-இல் கைவிட்டார்கள். குழி தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடக்கிறது. ஓரமெல்லாம் நாணல், நாங்கள் போனபோது நடுவில் இரண்டு வாத்து.

ஐந்தரைக்குக் கடல் கோட்டில் வெள்ளையாக ஒரு சுவர் தெரிந்தது. ஆறேகாலுக்கு எதிரே இருந்த பாறை காணாமல் போயிற்று. இதை அறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து எழுதுகிறேன். செப்டம்பர் என்று நம்பி மெல்லிய சட்டை மட்டும் எடுத்து வராதீர்கள்.

இரண்டாம் நாள், சனி

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். கோல்மன் வேலி ரோடு, கடலோரச் சாலையிலிருந்து பிரிந்து புல்மேட்டில் ஏறி ஆக்சிடென்டல் ஊருக்குப் போகிறது. ஒற்றை வண்டி போகிற அகலம், பல இடத்தில் நடுக்கோடே கிடையாது. மூடுபனியில் மாடுகளின் முகம் மட்டும் தெரியும். அக்கா பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை, நாங்களும் பேசவில்லை.

இறங்கிய பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பறிப்பு. தலையில் விளக்குக் கட்டிய ஆட்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், வளைந்த கத்தியால் கொத்தை வெட்டித் தொட்டியில் போட்டு, தொட்டி நிறைந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு டிராக்டருக்கு ஓடுகிறார்கள். ஓட்டம் என்றால் நிஜமான ஓட்டம். இரவில் பறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழம் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் தோல் கிழியாது, ஆலைக்குப் போவதற்குள் தானாகப் புளிக்க ஆரம்பிக்காது. வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிடம் பார்த்தோம். டேஸ்டிங் அறையில் கையில் கிளாஸோடு நிற்கும்போது இந்த ஓட்டம் நினைவில் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு முதல் ஒயினரி. ஊற்றிக் கொடுத்த பெண் முதலில் எங்களைக் கொடிக்குள் அழைத்துப்போனார். பினோ நுவார், சிவப்பு ஒயினுக்கான திராட்சை. கொத்து கை அளவுக்குத்தான் இருக்கிறது, பழங்கள் நெருக்கி அடைத்துக்கொண்டு பைன் காய் மாதிரி. பினோ என்ற பெயரே பைனிலிருந்து வந்ததுதான். தோல் மெல்லிசு. வெயில் அதிகமானால் கருகும், ஈரம் அதிகமானால் பூஞ்சை பிடிக்கும். இந்தப் பழத்துக்கு ஏன் இந்தக் கடலோரம் என்றால், பகலில் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது, சாயங்காலம் மூடுபனி வந்து குளிரவைத்துப் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இரண்டும் சேர்ந்து நிற்பதுதான் அந்தச் சுவை.

அந்த மூடுபனிக்கும் கதை உண்டு. வடமேற்குக் காற்று கடலின் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. கடல் இவ்வளவு குளிராக இல்லாவிட்டால் இங்கே பினோ இல்லை.

அக்கா கேட்ட கேள்விகளில் அந்தப் பெண் உற்சாகமாகிவிட்டார். கவாத்து எப்போது? குளிர்காலத்தில், கொடி இலை உதிர்த்துத் தூங்கும்போது. வருடத்துக்கு எத்தனை வெள்ளாமை? ஒன்றே ஒன்று. கம்பத்தில் வருடம் முழுக்கப் பழம் பார்த்த அக்காவுக்கு அதுவே ஆச்சரியம். அதைவிட, கோடையில் காய்க்கும் கொத்தில் ஒரு பங்கைப் பச்சையாகவே வெட்டி மண்ணில் போட்டுவிடுவார்களாம், மிச்சக் கொத்தில் சுவை கூட வேண்டும் என்று. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னிடம் தமிழில், "அப்பா பாத்தா அழுதுருப்பாருடி" என்றாள்.

ருசி பார்க்கும் முறை பற்றி இரண்டு வரி. வாசனைத் திரவியம் போடாமல் போங்கள், அது எல்லோருடைய கிளாஸையும் கெடுக்கும். முதலில் முகருங்கள், சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள், இரண்டும் வேறு வேறாக இருக்கும். பிடித்தது போக மிச்சத்தை மேசையில் இருக்கும் வாளியில் ஊற்றுவதில் ஒரு தப்பும் இல்லை, அது அதற்குத்தான் இருக்கிறது. அக்கா ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்து மட்டும் பார்த்தாள். ஒரு பினோவில் "மழை பெஞ்ச தோட்டம்" என்றாள். என் நாக்குக்கு எட்டாதது அவள் மூக்குக்குக் கிடைத்தது.

மதியம் கெர்ன்வில் பக்கத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட்ஸ். வண்டியை உள்ளே விட்டால்தான் கட்டணம், வெளியே நிறுத்திவிட்டு நடந்து போனால் இலவசம். கட்டிக் கொண்டுபோன புளியோதரையை அங்கே சாப்பிட்டோம். பார்சன் ஜோன்ஸ் என்ற மரம் 300 அடிக்கு மேல். கர்னல் ஆர்ம்ஸ்ட்ராங் மரத்துக்கு 1400 வயதுக்கு மேல் என்கிறார்கள். 2020-இல் வால்பிரிட்ஜ் காட்டுத்தீ இந்தக் காட்டுக்குள்ளும் வந்தது. கரி பிடித்த பட்டையைப் பார்க்கலாம், மேலே பச்சை அப்படியே நிற்கிறது.

தீ பற்றி இரண்டாவது ஒயினரியிலும் பேச்சு வந்தது. புகை பழத்தோலில் ஏறினால் ஒயினில் சாம்பல் வாடை அடிக்கும். சிவப்பு ஒயினுக்குத் தோலோடுதான் புளிக்கவைக்க வேண்டும், தப்பிக்க வழியில்லை. அதனால் 2020-இல் அவர்கள் பினோ பாட்டிலே போடவில்லை. அலமாரியில் 2019, பக்கத்தில் 2021. நடுவில் இருந்த அந்த இடைவெளியை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு

இந்த நாளுக்காகத்தான் மற்ற இரண்டு நாளும்.

அறையைக் காலி செய்து, ஹைவே ஒன்றில் வடக்கே. ஜென்னரில் ரஷ்யன் ஆறு கடலில் கலக்கும் இடம், கோட் ராக் கடற்கரை. மணல்திட்டில் சீல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. 50 கஜத்துக்குள் போகக் கூடாது. கடலில் இறங்கவும் கூடாது. அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துவிடும். கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள்.

அதற்கப்புறம் சாலை மலைவிளிம்பில் வளைகிறது. போன் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் ராஸ். 1812-இல் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி கட்டிய மரக்கோட்டை. கடல்நீர்நாயின் தோலுக்காக வந்தவர்கள், கூடவே அலாஸ்காவில் இருந்த தங்கள் ஆட்களுக்குத் தானியம் விளைவிக்கவும். நீர்நாய் குறைந்தது, விளைச்சலும் போதவில்லை, 1841-இல் ஜான் சட்டர் என்ற நிலக்காரருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆற்றுக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவர்களுக்கு ரொம்ப காலம் முன்னிருந்தே இது கஷாயா போமோ பூர்வகுடி மக்களின் இடம், மெத்தினி என்பது அவர்கள் வைத்த பெயர். கோட்டைக்குள் கடைசி மேலாளர் ரோட்செவின் வீடு மட்டும்தான் அந்தக் காலத்துக் கட்டிடம், மற்றதெல்லாம் திரும்பக் கட்டியவை. சின்ன மரத் தேவாலயம் 1906 பூகம்பத்தில் சரிந்து, பிறகு எழுப்பப்பட்டது. ரஷ்யர்கள் இங்கே 1817-இலேயே பெருவிலிருந்து கொண்டுவந்த திராட்சைக் கொடி வைத்ததாகச் சொல்கிறார்கள். சோனோமாவின் திராட்சைக் கதை, இந்தக் கணக்குப்படி, உள்ளே பள்ளத்தாக்கில் இல்லை, கடல் விளிம்பிலேயே தொடங்குகிறது.

கோட்டையைச் சுற்றி ஒரே மூடுபனி. வேலிக்கு அப்பால் கடல் சத்தம் மட்டும். "இங்க எப்படி பழம் பழுக்கும் தம்பி?" என்று அக்கா கணவரிடம் கேட்டாள். "மேல போனா தெரியும்க்கா" என்றார் அவர்.

கொஞ்சம் தெற்கே திரும்பி, மேயர்ஸ் கிரேடு ரோட்டில் ஏறினோம். செங்குத்து. முதல் கியரில் வண்டி முனகுகிறது, கண்ணாடியில் வெள்ளை தவிர வேறொன்றும் இல்லை. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. மூன்றாவது வளைவில் கண் கூசியது.

வெயில். நீலம். திரும்பிப் பார்த்தால் கடல் இருந்த இடம் முழுக்க வெள்ளைப் பஞ்சு, எட்டின மட்டும். அதிலிருந்து மேடுகள் தீவு தீவாக எட்டிப் பார்க்கின்றன. அந்தத் தீவுகளின் மேல் கொடி.

ஃபோர்ட் ராஸ்-சீவ்யூவின் ரகசியம் இதுதான். கொடி வளரும் இடமெல்லாம் கிட்டத்தட்ட 920 அடிக்கு மேல். கீழே பனி சூழ்ந்து கிடக்கும்போது மேலே வெயில் விழுந்துகொண்டிருக்கும். கடலின் குளிர் காற்றில் வரும், ஆனால் சூரியன் மறையாது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் பழம் பழுக்காது என்று ஒரு காலத்தில் வல்லுநர்களே சொன்னார்கள். ஆடு மாடு மேய்த்த சில குடும்பங்கள்தான் வைத்துப் பார்ப்போம் என்று வைத்தன.

டேஸ்டிங் மேசை வெளியே, வெயிலில். நேற்றைய பினோ பழச்சாறு மாதிரி உருண்டு வந்தது. இது ஒல்லி. கூர்மை. கடைசியில் நாக்கில் லேசாக உப்பு இருந்த மாதிரி எனக்குப் பட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு குடித்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம், ஆனால் கணவரும் அதையே சொன்னார். வெள்ளை ஒயினான ஷார்டனேயும் அப்படித்தான், வெண்ணெய் வாசனை அதிகம் இல்லாமல் எலுமிச்சைத் தோல் மாதிரி. இரண்டு பாட்டில் வாங்கினோம். மூன்று நாளில் வாங்கியதே அந்த இரண்டுதான்.

அக்கா அனுமதி கேட்டு வரிசைக்குள் போனாள். இன்னும் பறிக்காத கொத்து ஒன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். அப்பா பந்தலுக்கு அடியில் நின்று பார்ப்பாரே, அதே மாதிரி, விரலை விரித்து, பழத்தில் கை படாமல். ஒரு பழம் உதிர்ந்ததை வாயில் போட்டுவிட்டு விதையைக் கடித்தாள். விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டும், அப்போதுதான் பறிக்கலாம். "இன்னும் நாலஞ்சு நாளு" என்றாள். ஊற்றிக் கொடுத்தவர் சிரித்து, வியாழக்கிழமை பறிப்பதாக இருக்கிறார்கள் என்றார்.

நான்கு மணிக்குப் பனி அசைந்தது. தட்டையாகக் கிடந்த வெள்ளை மெதுவாக மேலே ஏறி, மரங்களுக்கு நடுவே விரல் விட்டு, கடைசி வரிசைக் கொடி வரைக்கும் வந்தது. தோளில் குளிர் பட்டது. கிளம்பினோம்.

இறக்கத்தில் முகப்பு விளக்கைப் போட்டு, அதே வளைவுகளில், அதே வெள்ளைக்குள். அக்கா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். ஈரம், மண், காய்ந்த புல், அதற்குப் பின்னால் கடல். ஜென்னர் பாலம் வரும்வரை யாரும் ஏற்றவில்லை.